நாய் ஏன் ஊளையிடுகிறது? பூனை எதை வணங்குகிறது?

நள்ளிரவில் நாய் ஊளையிட்டால் தெருவில் யாருக்கோ முடிவு நெருங்கிவிட்டது என்பார்கள். பூனை குறுக்கே போனால், புறப்பட்டவரை வீட்டுக்குள் அழைத்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வெறும் மூலையைப் பூனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே ஏதோ நிற்கிறது என்று குழந்தைகள் போர்வைக்குள் பதுங்கும்.

இந்த நம்பிக்கைகளின் அடியில் ஓர் உண்மையும் உண்டு. நமக்குப் புலப்படாத சில, நாய்க்கும் பூனைக்கும் புலப்படத்தான் செய்கின்றன. ஆனால் அவை ஆவியோ யமனோ அல்ல. நம் செவிக்கு எட்டாத ஒலி, நம் மூக்குக்கு எட்டாத மணம், நம் கண்ணுக்குப் போதாத ஒளி ஆகியவையே அவை. இவை மூன்றும் அளந்து பார்க்கக்கூடிய இயற்பியல், வேதியியல் பொருள்கள்.

இதை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஊளையிட்டது என்பதற்காகவே நாயைக் கல்லால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடிபட்ட நாய் மறுநாள் அவ்வழியே பள்ளிக்குப் போகும் சிறுவனைக் கடிக்கக்கூடும். இன்னொரு புறம், உண்மையில் அஞ்சவேண்டிய ஒரு மாற்றம் நாயிடம் தோன்றும்போது, "சும்மா பல் பட்டதுதான்" என்று விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறியத் தெரிந்தால் நாயும் பிழைக்கும்; நாமும் பிழைப்போம்.

பூனை வணங்கும் செடி

முதலில் நம் வீட்டுப் புறத்திலேயே காணக்கூடிய ஒரு விந்தையைப் பார்ப்போம். புதுச்சேரியில் மழை பெய்து ஓய்ந்ததும் காலி மனைகளிலும் சுவரோரங்களிலும் தானாக முளைக்கும் செடி குப்பைமேனி. சொறி, சிரங்குக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது நாட்டு மருத்துவம். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் அகாலிஃபா இண்டிகா. சித்த மருத்துவர்களிடம் இதற்குப் 'பூனைவணங்கி' என்று இன்னொரு பெயரும் உண்டு.

அந்தப் பெயர் எப்படி வந்தது? செடியை வேரோடு பிடுங்கிப் போடுங்கள். அக்கம்பக்கத்துப் பூனை வந்து வேரை முகரும்; நக்கும்; கடிக்கும்; தலையைத் தாழ்த்திக் கன்னத்தை அதன்மேல் தேய்க்கும்; பிறகு மல்லாந்து உருளும். பார்ப்பவர்களுக்கு அது விழுந்து வணங்குவதுபோலவே தோன்றும். இவ்வளவும் வேரிடத்துத்தான், இலையைப் பூனை பொருட்படுத்துவதில்லை.

ஐரோப்பாவில் கேட்னிப் என்ற செடியிடமும், ஜப்பானில் மட்டடாபி என்ற கொடியிடமும் பூனைகள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. மூன்றும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். ஆயினும் மூன்றிலும் இரிடாய்டு எனப்படும் ஒரே வகை வேதிச் சேர்மங்கள் இருக்கின்றன. எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் மூலக்கூறுகள் இவை.

ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டடாபியை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் இரண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்று, இந்த மணத்தை முகர்ந்த பூனையின் உடலில், இன்ப உணர்வோடு தொடர்புடைய எண்டார்பின் என்ற பொருள் மிகுகிறது. மற்றொன்று, இந்தச் சேர்மம் தலையில் பட்ட பூனையின்மேல் கொசுக்கள் குறைவாகவே வந்து அமர்கின்றன. புதரில் பதுங்கி, அசையாமல் இரைக்குக் காத்திருக்கும் விலங்குக்குக் கொசு பெருந்தொல்லை அல்லவா? உருண்டு புரள்வது வெறும் போதையாட்டம் அன்று; உடம்பில் கொசுவிரட்டி பூசிக்கொள்ளும் செயலும் ஆகும்.

நம் முன்னோர் இதைக் கண்டார்கள். கண்டதற்கு ஒரு நல்ல பெயரும் இட்டார்கள். காரணத்தைச் சொல்லத்தான் வேதியியல் தேவைப்பட்டது. நாய் ஊளையிடுவதையும் அவர்கள் கண்டார்கள். அங்கே மட்டும் காரணம் தேடுவதற்குப் பதிலாகச் சகுனம் என்று முடிவு கட்டிவிட்டோம்.

மூலையில் யார்?

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு. ஒரு வினாடியில் எத்தனை அதிர்வுகள் என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கிறோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய கீச்சொலி எழுப்பியது சிலருக்கு நினைவிருக்கலாம். அது சிறுவர்களுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. ஒரே வீட்டு மனிதர்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு!

நாய் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையோ 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். இதை முதலில் சோதித்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும் சிறு ஊதலைச் செய்து, அதைக் கைத்தடியில் பொருத்திக்கொண்டு, விலங்குக் காட்சிசாலையிலும் தெருக்களிலும் நடந்தார். ஊதும்போது எந்த விலங்கின் காது நிமிர்கிறது என்று குறித்துக்கொண்டார். மிக உயர்ந்த ஒலிகளைக் கேட்பதில் பூனையை வெல்ல எதுவுமில்லை என்று 1883-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

பூனைக்கு ஏன் இந்தத் திறன்? எலிக்குஞ்சுகள் தாயை அழைப்பது மீயொலியில்தான். அந்த அழைப்பு நமக்கு முழு மௌனம். பூனைக்கோ சாப்பாட்டு மணி. உங்கள் வீட்டுப் பூனை வெற்றுச் சுவரையோ பரணையோ உற்று நோக்கி, இரண்டு காதுகளையும் தனித்தனியே திருப்பிக்கொண்டிருந்தால் அங்கே ஆவியைத் தேடாதீர்கள். எலி வளையைத் தேடுங்கள். தீபாவளி வெடிச்சத்தத்தில் நாய் கட்டிலுக்கடியில் பதுங்குவதற்கும் இந்தக் கூரிய செவியே காரணம். அதைக் கோழை என்று கேலி செய்வது நியாயமாகாது.

ஊளையும் மரணமும்

நாய் ஓநாயின் வழிவந்தது. கூட்டமாக வாழும் ஓநாய், பிரிந்துபோன தன் இனத்துக்கு "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்க நீண்ட ஒலி எழுப்பும். அந்தப் பழக்கம் நாயிடம் எஞ்சியிருக்கிறது. நீண்டு, ஏறி இறங்கும் எந்த ஒலியும் அதைத் தூண்டிவிடும். புதுச்சேரியில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில், வேலைமுறை மாறுகையில் ஆலைச் சங்கு ஊதும். தெருநாய்கள் கூடவே ஊளையிடும். அப்போது யாரும் மரணத்தை எண்ணி அஞ்சவில்லை. ஒலிக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று அதே வேலையை ஆம்புலன்ஸ் ஒலி செய்கிறது.

சரி, ஊளை இரவில் மட்டும் ஏன் இவ்வளவு கேட்கிறது? இரவில் ஊர் இரைச்சல் அடங்கிவிடுவது ஒரு காரணம். மற்றொன்று சுவையான இயற்பியல். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கிறது. எனவே ஒலியலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் செல்ல, அலை வானை நோக்கி வளைந்து போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. இப்போது மேற்காற்றே வெப்பமானது. ஒலியலை கீழ்நோக்கி வளைகிறது. பகலில் நம்மை எட்டாத தொலைவிலுள்ள நாயின் குரல், இரவில் நம் சன்னலருகே ஒலிப்பதுபோல் கேட்கிறது.

இனி மரணக் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு பேர் இறக்கிறார்கள் என்று கொள்வோம். ஊளை கேட்கும் தொலைவுக்குள் ஐயாயிரம் பேர் வாழ்ந்தால், அங்கே ஆண்டுக்கு 35 மரணங்கள் நேரும். அதாவது சராசரியாகப் பத்து நாளுக்கு ஒன்று. நாய்களோ வாரத்தில் பல இரவுகள் ஊளையிடுகின்றன. எனவே எந்த மரணத்துக்கு முன்னும் ஓர் ஊளை கட்டாயம் இருக்கும். ஊளை கேட்டும் ஒன்றும் நேராத இரவுகளை நாம் எண்ணுவதில்லை, மறந்துவிடுகிறோம்.

சில வேளைகளில் காரணமும் விளைவும் தலைகீழாகவும் இருக்கலாம். ஒரு வீட்டில் நோயாளி மிக மோசமாக இருக்கிறார். நள்ளிரவில் விளக்கு எரிகிறது, புது மனிதர்கள் வருகிறார்கள், ஆம்புலன்ஸ் ஒலிக்கிறது. தெருநாய் ஊளையிடுகிறது. காலையில் அவர் இறந்த செய்தி வருகிறது. நாய் முன்கூட்டி அறிந்து சொன்னதாகப் பேசிக்கொள்கிறோம். உண்மையில் நம் பரபரப்பைத்தான் அது எதிரொலித்தது.

இருட்டில் ஒளிரும் கண்

இரவில் வண்டி விளக்கின் ஒளி பட்டதும் பூனையின் கண்கள் நெருப்புத் துண்டுகள்போல் எரியும். அந்தக் கண்ணில் சொந்த ஒளி கிடையாது. முழு இருட்டறையில் பூனையின் கண் ஒளிராது என்பதே இதற்குச் சான்று.

பூனை, நாய் இரண்டுக்கும் விழித்திரையின் பின்னே கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையில் பிடிபடாமல் கடந்துபோன ஒளியை இப்படலம் திருப்பி அனுப்பும். விழித்திரைக்கு அந்த ஒளியைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கிறது. அதிலும் தப்பிய ஒளியே வந்த வழியே வெளியேறி நம் கண்ணில் படுகிறது. பெரிதாக விரியும் கண்பாவையும் சேர்ந்து உதவுவதால், மனிதனுக்குத் தேவைப்படும் ஒளியில் ஆறில் ஒரு பங்கிலேயே பூனை வழி கண்டுவிடுகிறது. 1930-களில் இங்கிலாந்தின் பெர்சி ஷா சாலை நடுவே பதிக்கும் ஒளிதிருப்பிக் குமிழ்களை அமைத்தபோது, அவற்றுக்குப் 'பூனைக்கண்' என்ற பெயரே நிலைத்தது.

இதே கண்தான் பூனைக்கு ஆபத்தும் ஆகிறது. மங்கிய ஒளிக்காக அகல விரிந்த பாவையில் வண்டி விளக்கு நேராகப் பாய்ந்தால் அதற்குக் கண் கூசும். நடுச்சாலையில் திகைத்து நின்றுவிடும். குறுக்கே போகும் பூனையால் மனிதனுக்கு வரும் கேட்டைவிட, மனிதனால் பூனைக்கு வரும் கேடே அதிகம். வேகத்தைக் குறைப்பதே இதற்குப் பரிகாரம்.

தலைகீழாக விழுந்தாலும்

மல்லாந்த நிலையில் விழும் பூனை, தரை தொடும் முன் திரும்பிக் கால்களை ஊன்றிக்கொள்கிறது. பிடிமானம் ஏதுமின்றி அந்தரத்தில் எப்படித் திரும்ப முடியும்? இந்தக் கேள்வி அறிவியலாரையே குழப்பியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1894-ஆம் ஆண்டில், பாரிசில் எத்தியேன் ழூல் மரே என்பவர், விழும் பூனையைத் தாம் அமைத்த கருவியால் அடுத்தடுத்துப் படமெடுத்துப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். பூனை எதையும் உதைத்துத் திரும்பவில்லை என்பது படங்களில் தெளிவாயிற்று.

விடை கோண உந்தத்தில் இருக்கிறது. பூனை இடுப்பை வளைத்து, உடலை முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பயன்படுத்துகிறது. முதலில் முன்கால்களை மடக்கிப் பின்கால்களை நீட்டுகிறது. மடங்கிய முன்பாதியின் நிலைமத் திருப்புத்திறன் குறைவு. ஆகவே அது நிறையத் திரும்பும். நீட்டிய பின்பாதி எதிர்த்திசையில் சிறிதே திரும்பும். அடுத்து முன்கால்களை நீட்டிப் பின்கால்களை மடக்குகிறது. இப்போது பின்பாதி திரும்பி முன்பாதியோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தக் கோண உந்தம் எப்போதும் சுழிதான்; விதி மீறப்படவில்லை. 1969-இல் அமெரிக்காவில் கேன், ஷெர் என்ற இருவர் இதை முழுக் கணிதமாக்கினர்.

பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி மாடியிலிருந்து போட்டுப் பார்க்கும் சிறுவர்களுக்கு ஒரு சொல். பூனை திரும்பிவிடும் என்பது உண்மை. அடிபடாது என்பது உண்மையன்று. தாடையும் காலும் முறியும். மரேயின் படங்கள் இருக்கும்போது நாம் மீண்டும் பூனையைப் போடவேண்டியதில்லை.

வண்டியைத் துரத்தும் நாய்

சும்மா படுத்திருந்த நாய், சைக்கிள் கடந்ததும் பாய்ந்து துரத்துகிறது. ஓடுவதைத் துரத்துவது வேட்டை விலங்கின் பழைய குணம். மேலும், தெருநாய்க்கு அந்தத் தெரு சொந்த எல்லை. சக்கரத்திலோ வேறு பல தெரு நாய்களின் சிறுநீர் மணம். நாயின் மூக்கில் மணமுணரும் செல்கள் இருபது கோடிக்கும் மேல்; நமக்குச் சில பத்து லட்சங்களே. அந்த மூக்குக்கு உங்கள் சக்கரம் எதிரி நாட்டுக் கொடி.

நாம் வேகத்தைக் கூட்டினால் துரத்தல் வலுக்கும். சைக்கிளை நிறுத்தி இறங்கி, நாய்க்கும் நமக்கும் இடையில் சைக்கிள் இருக்கும்படி அசையாமல் நின்றால் பெரும்பாலான நாய்கள் குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். கண்ணை முறைத்துப் பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. வாலாட்டுவதெல்லாம் நட்பு என்றும் எண்ணவேண்டாம். உடல் விறைத்து, வால் உயர்ந்து, மெல்ல ஆடினால் அது எச்சரிக்கை. குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கும் நாய், உறங்கும் நாய் ஆகியவற்றின் அருகே குழந்தைகளை விடக்கூடாது.

அலட்சியம் செய்யக்கூடாத மாற்றம்

இதுவரை பார்த்த செயல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு தூண்டல் இருந்தது. ஒலியோ மணமோ அசைவோ நின்றதும் செயலும் நின்றது. வெளியே எந்தத் தூண்டலும் இன்றி, காரணம் மூளைக்குள்ளேயே இருக்கும் நிலை ஒன்று உண்டு. அதுவே ரேபீஸ் என்னும் வெறிநோய்.

இந்நோயின் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையை அடைகிறது. மூளை பழுதுபட்டதும் நாயின் குணம் மாறுகிறது. சாதுவான நாய் காரணமின்றிக் கடிக்கும், கல்லையும் கட்டையையும் கவ்வும், குரைப்பின் தொனி மாறும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும். சில நாய்கள் வெறிகொள்ளாமல், இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று இரக்கத்தோடு வாயில் கைவிடுவது பேராபத்து. பூனையும் இந்நோயைப் பரப்பும்.

மனிதனுக்கு அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆனால் வைரஸ் மூளையை அடையப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகிறது. அந்த இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பாரிசில் லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காத்தது இந்த இடைவெளியில்தான். தென்னிந்தியாவுக்கென 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. அன்று நீலகிரி ஏறிப் போய்ப் பெற்ற சிகிச்சை இன்று அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

கடித்தாலும் சரி, தோல் கீறும்படி பிறாண்டினாலும் சரி, உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். இந்த வைரசின் உறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்து அழிக்கும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் எதையும் தடவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை. நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தவணைகளை இடையில் விடவும் கூடாது. நாய் கடித்ததை வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று பிள்ளைகள் மறைப்பதுண்டு. திட்டமாட்டோம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைப்பது ஓர் உயிரைக் காக்கும்.

நீங்களே சோதியுங்கள்

மாணவ நண்பர்கள் ஒரு குறிப்பேட்டில் ஒரு மாதம் கீழ்க்கண்டவற்றைப் பதிவு செய்யலாம். இரவில் ஊளை கேட்ட நேரம். அதற்குச் சற்றுமுன் கேட்ட வேறு ஒலி. வானம் தெளிவா, மேகமா. அடுத்த மூன்று நாளில் தெருவில் மரணம் உண்டா, இல்லையா. ஊளை கேட்காத இரவுகளையும் தவறாமல் எழுதவேண்டும். சோதனையின் உயிர் அதில்தான் இருக்கிறது. இன்னொரு நாள் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, வேரை ஒரு பக்கமும் இலையை மறுபக்கமும் வைத்து, பூனை எதனிடம் போகிறது என்று தொலைவிலிருந்து பாருங்கள். குட்டிகளும் பெரிய பூனைகளும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றனவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத முடிவில் அந்தக் குறிப்பேட்டைப் பாட்டியிடம் படித்துக் காட்டுங்கள். ஊளை கேட்டதும் கல்லைத் தேடும் கை ஒன்று குறைந்தாலும் அந்த உழைப்பு வீண்போகாது.